மூடிக்காரரும் அக்காவின் கண்ணும்

பகலெல்லாம் விளக்கு விற்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் வாங்கியவர் வீட்டுக் கதவையே தட்டி, அந்த விளக்குக்கு ஒரு மூடி போட்டுத் தரட்டுமா என்று கேட்கிறவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? மூடிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. அது கடையின் சம்பளப் பட்டியலில் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்துவருகிறது.

மூடி என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் கிடையாது. காலி பெயின்ட் டப்பாவைப் பக்கவாட்டில் வெட்டி, வெளியே கறுப்பும் உள்ளே வெள்ளையும் அடித்து, விளக்கின் தலையில் தொப்பி மாதிரிக் கவிழ்த்துவிடுவார். வானத்துக்குப் போய் வீணாகிற வெளிச்சம் தரைக்குத் திரும்பிவிடும்; அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்காது. கூலி வாங்கமாட்டார். ஏணி மட்டும் வீட்டுக்காரர் தர வேண்டும். இதில் கடை முதலாளிக்கு மனத்தாங்கல் இருக்கும் என்று நினைத்தவர்கள் முதலாளியை அறியாதவர்கள். மூடி போட்டால் வெளிச்சம் பற்றவில்லை என்று இன்னொரு விளக்கு வாங்க வருவார்கள், இப்படி ஒரு விற்பனையாளன் எந்தக் கடைக்குக் கிடைப்பான் என்று அவர் கல்லாவில் சாய்ந்தபடி மெச்சிக்கொள்வார்.

இந்தக் கிறுக்கு ஒரு மின்தடையில் பிடித்தது. ஊர் மொத்தமும் அணைந்துபோன ஒரு சாயங்காலம், காயப்போட்ட துணியை எடுத்துவரச் சொல்லி மனைவி மாடிக்கு அனுப்பினார். போனவர் அண்ணாந்து பார்த்தார். வானம், மாவு சலித்த மேஜை மாதிரிக் கிடந்தது. இத்தனையும் இவ்வளவு நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது. தான் வேலை பார்க்கிற கடைதான் அதை மறைத்துக்கொண்டிருந்தது என்று அவருக்கு உறைத்தது. கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே அடியாகப் போயிற்று. வெறுங்கையோடு இறங்கி வந்தவரிடம் துணி எங்கே என்று மனைவி கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் துணி எடுக்கும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்படுவதில்லை.

ஊரில் இவரைப் போல் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர், ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஆயுசு முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தவருக்கு வயதான காலத்தில் இருட்டின் மேல் ஆசை வந்தால் குறை சொல்ல முடியுமா? ஒரு பாட்டு டீச்சர், ஒரு பஸ் டிரைவர், இன்னும் நாலைந்து பேர். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் இரவு வானம் காப்போர் குழு. ஊர் வைத்த பெயர் திருடர் நலச் சங்கம். இரண்டாவதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. விலாசம் கேட்டு வந்தவர்களைக்கூட அதைச் சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குழுவுக்கு ஒரு நடைமுறை இருந்தது. பொழுது இறங்கியதும் டாக்டர் வீட்டு மாடியில் கூடுவார்கள். வாசலிலேயே ஒரு கூடையில் செல்போன்களைப் போட்டுவிட வேண்டும். பிறகு ஆளுக்கொரு நாற்காலியில் பேசாமல் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு உடனே பிடிபடாது. மெல்ல மெல்லத்தான் பழகும். டாக்டர் இதைக் கண்ணை ஊறப்போடுவது என்பார். கண் ஊறியபின் ஒருவர் தீக்குச்சி கிழித்தாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஊறப்போட வேண்டும். அதனால் டார்ச்சுக்குக்கூடச் சிவப்புக் காகிதம் ஒட்டி வைத்திருந்தார்கள். இப்படி ஊறின கண்ணோடுதான் தெருத் தெருவாகப் போவார்கள். இந்த விளக்கு வேண்டும், இதற்கு மூடி வேண்டும், இது வேண்டவே வேண்டாம் என்று மூன்று விதமாகத் தீர்ப்பு சொல்லி நகராட்சிக்கு அனுப்புவார்கள். நகராட்சி முதல் இரண்டு வகையைக் கண்டுகொள்ளாது. மூன்றாவதைக் கண்டதும், அதுவரை தனக்கு இருப்பதே தெரியாத ஒரு வேகத்தில் நிறைவேற்றும்.

மேட்டுத் தெருவுக்கு ஏறும் கல்படிகளை இப்படித்தான் ஒரு நாள் பார்க்கப் போனார்கள். படிகளின் தலைமாட்டில் இருந்த கம்பத்து விளக்கு பல்பு போய் எரியாமல் கிடந்தது. இன்றோ நாளையோ மாற்றியிருப்பார்கள். படியேறிப் பார்த்த மூடிக்காரருக்கு விளிம்பு விளிம்பாக எல்லாம் தெரிந்தது. கல்லில் விட்டிருந்த விரிசல் தெரிந்தது, கைப்பிடிக் கம்பியில் யாரோ காயப்போட்டு மறந்த கைக்குட்டை தெரிந்தது.

"இங்க விளக்கே தேவையில்லை டாக்டர். எறும்பு போறதுகூடத் தெரியுது" என்றார்.

எறும்பு எதையும் அவர் பார்க்கவில்லை. பேச்சுவாக்கில் வந்துவிட்டது. டாக்டரும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பாட்டு டீச்சர், இவ்வளவு அழகான இருட்டை எப்படி விட்டுவைத்தார்கள் என்று வியந்தார். மூன்றாவது வகையில் சேர்த்தார்கள். நகராட்சி கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

படிகளின் உச்சியில், கம்பம் இருந்த இடத்துக்கு எதிரே இருந்தது மூடிக்காரரின் அக்கா வீடு.

அக்கா தையல்காரர். முன்னறையில் மெஷின், அதற்கு நேர் மேலே தம்பி தன் கடையிலிருந்து தேர்ந்தெடுத்து மாட்டிய டியூப் லைட், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் அரைகுறைச் சட்டைகள். சட்டைக்குப் பொத்தான் துளை எடுப்பதில் அக்காவை மிஞ்ச ஆள் இல்லை. தையற்கடைக்காரர்களே துளைக்கு மட்டும் இவரிடம் கொடுத்தனுப்புவார்கள். வாயும் ஊசிதான். தம்பியின் சங்கத்தைப் பற்றிக் கேட்டால், நட்சத்திரம் எங்கேயும் போய்விடாது, முதலில் உன் பேன்ட்டில் ஓட்டை இருக்கிறது, அதைப் பார் என்பார்.

கம்பம் போன சில வாரங்களில், ஒரு நாள் இருட்டிய பிறகு, தைத்து முடித்த துணியைக் கீழே வந்து காத்திருந்தவரிடம் கொடுக்க அக்கா வெளியே இறங்கினார். இரண்டாவது படியில் கால் வைத்தார். அங்கே படி இல்லை. அதற்கு ஒரு அடி தள்ளி இருந்தது. உருண்டுவிட்டார். எலும்பு தப்பியது. முழங்கால் தோலுரிந்து, கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. துணி அழுக்காகாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார் என்று, ஓடிவந்து தூக்கிய வாடிக்கையாளர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீக்கம் வடிந்துவிட்டது. வடியாமல் நின்றது வேறு ஒன்று.

"படியே தெரியலடா. கண்ணுக்கு முன்னாடி கறுப்புத் துணியைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் அக்கா, பார்க்க வந்த தம்பியிடம். குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சது" என்றார்.

அப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் தடுமாறுவார், வாசலில் இடித்துக்கொள்வார். கடைசி வருஷங்களில் பகலும் போய்விட்டது. அவருக்குச் சோறு ஊட்டியது அக்காதான். தம்பிக்கு அப்போது வேலைக்குப் போகிற வயசு. வீட்டில் தங்கினதே குறைவு.

விழுந்தபோது கழன்ற அக்காவின் செருப்பில் ஒன்று, தம்பி பார்க்க வந்த அன்றைக்கும் படியோரமே கிடந்தது. அதை எடுத்துவர மூடிக்காரர் டியூப் லைட் வெளிச்சத்திலிருந்து அப்படியே வெளியே வந்தார். இரண்டாவது படியில் காலை வைத்தார். கைப்பிடிக் கம்பி மட்டும் கைக்கு அகப்பட்டிராவிட்டால் குடும்பத்தில் இரண்டு கணுக்கால் வீங்கியிருக்கும். கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தேவையில்லை என்று தாமே சொன்ன இடம். அன்றைக்கு மாடியில் கண்ணை ஊறப்போட்டுக்கொண்டு வந்து சொன்னது. வீட்டிலிருந்து வேலையாக வெளியே வருகிறவர்கள் யார் கண்ணை ஊறப்போட்டுக்கொண்டு வருவார்கள்? அத்தனை பேர் போயும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இருட்டை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இது தோன்றாமல் இருக்க முடியும். நின்றுகொண்டிருந்தபோதே படிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய வந்தன. செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எதுவும் சொல்லவில்லை.

சொல்ல நினைத்தார். மறுநாள் என்று தள்ளினார். மறுநாள் அக்கா கண் டாக்டரிடம் போயிருந்தார். வயசுக்கு ஏற்றபடி இருக்கிறது என்று கண் டாக்டர் சொன்னார். நல்ல சேதிதான். ஆனால் அப்பாவிடமும் முதலில் இதையேதான் சொன்னார்கள் என்று அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. ஆக, அது தண்டனையை ஒத்திவைத்த மாதிரி ஆயிற்று.

அதற்குப் பிறகு அக்கா செய்ததையெல்லாம் பார்க்கிற தைரியம் மூடிக்காரருக்கு இல்லை. ஆனாலும் நாள் தவறாமல் போய்ப் பார்த்தார். அக்கா வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகினார். அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவே எத்தனை எட்டு என்று வாய்க்குள் முணுமுணுத்தார். பொத்தான்களை ஒரு தட்டில் கொட்டி, தடவிப் பார்த்தே பிரித்தார். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்தபோது வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஊசியில் நூல் கோக்க ஒரு முறைக்கு இரு முறை ஆனால் போதும், ஊசியை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். இத்தனைக்கும் அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார், தன்னிடம் வேலை பழகிவிட்டுப் போன பெண்ணுக்கு மெஷினைக் கொடுத்துவிடப் போவதாக. சனிக்கிழமை வண்டி கொண்டுவருகிறாள். "முழுசா இருட்டறதுக்குள்ள குடுத்துட்டா மனசு ஆறும்டா. அப்புறம் தடவிக்கிட்டு உக்காந்திருக்கிறதைப் பாக்க வேண்டாம்ல."

மூடிக்காரர் நேரே பல் டாக்டர் வீட்டுக்குப் போனார்.

டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. முகம் வாடித்தான் போயிற்று. ஊரை ஒட்டிய மலையடிவாரத்தை, புதிதாக விளக்குப் போடக்கூடாத இருள் பகுதியாக அறிவிப்பது பற்றி அடுத்த வாரம் நகராட்சிக் கூட்டத்தில் பேச்சு வரப்போகிறது. பல வருஷ உழைப்பு. வலசை போகிற பறவைகள் வழி தவறாமல் போக அந்த ஒரு பக்கம்தான் பாக்கி இருக்கிறது. எதிர்த்தரப்பு ஏற்கெனவே திருடர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கீழே விழுந்த கதை ஒன்று கிடைத்தால் மொத்த மலைக்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி விளக்குப் போட்டுவிடுவார்கள்.

"உங்க அக்காவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு காட்டுங்க தம்பி. வேணும்னா எனக்குத் தெரிஞ்ச பெரிய டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா ஏன் விழுந்தாங்கன்னு நாம ஏன் போய்ச் சொல்லணும்? ஒரு வாரம் பொறுங்க, கம்பத்தை நாமளே திருப்பிக் கேட்டுடலாம்."

பல்லைப் பிடுங்கும்போது வலிக்காது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது. மூடிக்காரருக்கு வலிக்கவில்லை. பாதி உண்மை போதும் என்று தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோதுதான் கொஞ்சம் வலித்தது. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "பாதியைச் சொல்லிட்டா மீதியை அவங்க கேக்க மாட்டாங்களா? உங்க அக்காவை எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

வெள்ளிக்கிழமை, இருட்டத் தொடங்கியதும் அக்கா வீட்டுக்குப் போனார். மெஷினைத் துடைத்து, தலையை மடக்கி, அக்கா துணி போர்த்தி வைத்திருந்தார். மூடிக்காரர் டியூப் லைட்டை அணைத்தார். அக்கா பதறிப் போய்ப் போடச் சொன்னார். அவர் அக்காவின் கையைப் பிடித்து வாசல் நிலையில் உட்காரவைத்தார்.

"ஒண்ணும் தெரியலடா."

"தெரியாது. சும்மா உக்காரு."

உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஒரு முறை இரண்டு கால்களுக்கும் வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதைப் பேசிச் சிரித்தார்கள். தம்பி பேன்ட் ஓட்டையைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொன்னார். பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்தினார்.

"முதல் படி தெரியுது." கொஞ்சம் கழித்து, "கம்பி தெரியுது. அதுல ஏதோ பறவை எச்சம் போட்டிருக்கு. அடுத்த படி. அதுக்கு அடுத்தது." எழுந்து நின்று, கம்பியைத் தொடாமலே நாலு படி இறங்கி ஏறினார். மூச்சு வாங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, வெளிச்சத்திலிருந்து வந்தால் எல்லாருக்கும் இப்படித்தான், கொஞ்ச நேரம் பழகணும் என்று மூடிக்காரர் சொன்னார். பாதியை ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டார். மெஷினைக் கொடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்கா மறுபடி நிலையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் உக்காந்துட்டு வரலையே. தச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே எழுந்து வந்தேன்."

"ஆமாக்கா."

"நீங்க வந்து பாத்து, விளக்கு வேண்டாம்னு சொன்னீங்களே, அப்போ?"

"உக்காந்துட்டுத்தான் வந்தோம்."

"வேண்டாம்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

அக்கா தலையை ஆட்டினார். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை போல. தவறு யாருக்கும் வரும். துணியை வெட்டுகிறவருக்கு அது தெரியும். அடுத்துக் கேட்டதுதான் பெரிது.

"இது உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"என் செருப்பை எடுக்கப் போனப்போ" என்று தவறாக ஆரம்பித்து, "உன் செருப்பை" என்று திருத்திக்கொண்டார்.

"நான் கண்ணை மூடிக்கிட்டு அடுப்புக்கும் குழாய்க்கும் நடந்தேனே. நீ இந்த நாற்காலியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுந்து போய் டியூப் லைட்டைப் போட்டார். மெஷின் மேலிருந்த துணியை உருவினார், தலையை நிமிர்த்தினார், எண்ணெய்க் குப்பியைத் தேடினார். தம்பி பக்கம் திரும்பாமல், "போ. படி பாத்துப் போ" என்றார்.

அடுத்த வாரம் நகராட்சிக் கூட்டத்தில் மூடிக்காரர் எழுந்து நின்றார். விளக்கு வேண்டாம் என்றது தாம்தான், கண் பழகியபின் பார்த்துச் சொன்னது தப்பு, தம் அக்கா விழுந்தது அதனால்தான், படிக்கு ஒரு சின்ன விளக்கு, மூடியோடு வேண்டும் என்று சொன்னார். பல் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு டீச்சர் பாதியில் எழுந்து போய்விட்டார். இருள் பகுதித் திட்டம் பரிசீலனையில் வைக்கப்பட்டது. நகராட்சியில் ஒன்று பரிசீலனைக்குப் போனால், அதைத் திரும்பப் பார்த்தவர்கள் குறைவு. விளக்கு மட்டும் மறுநாளே வந்துவிட்டது. சின்னது கேட்டார், விளையாட்டு மைதானத்துக்கு வாங்கி மிச்சமிருந்த ஒன்றை உயரமான கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். மூடி இல்லை. மேட்டுத் தெரு முழுக்கப் பட்டப்பகல் ஆயிற்று. திருடர்களுக்குக்கூட வழி நன்றாகத் தெரியும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கம்பத்தடியில் காலையில் பூச்சிகள் குவியலாகச் செத்துக் கிடந்தன. ஒரு தடவை, சிறகு மடங்காமல் ஒரு சின்னப் பறவையும்.

குழு அவரை நீக்கவில்லை. மாடியில் அவர் நாற்காலி அப்படியே இருந்தது. போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. இருட்டில் பேசாமல்தானே உட்கார வேண்டும் என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனாலும் அந்த மௌனம் வேறு, இந்த மௌனம் வேறு என்று காதுக்குத் தெரிந்தது.

அக்கா பள்ளிக்கூடச் சீருடை ஆர்டரைத் திரும்ப வாங்கிவிட்டார். மெஷினைச் சன்னலோரம் நகர்த்திப் போட்டு, மைதான விளக்கின் ஓசி வெளிச்சத்தில் இருட்டிய பிறகும் தைத்தார். தம்பியிடம் பேசுவதில்லை. ஏதாவது சேதி இருந்தால் அவர் மனைவிக்குப் போன் செய்வார்.

ஒரு சாயங்காலம் மூடிக்காரர் நகராட்சியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஏணியும், பெரிய தகரத்தில் வெட்டிய மூடியுமாகப் படியேறினார். சன்னலில் அக்கா.

"அந்த விளக்கு மேல கையை வெச்சே, ஏணியை உருவிடுவேன்."

எத்தனையோ நாள் கழித்து அக்கா பேசிய முதல் பேச்சு அதுதான். மூடிக்காரருக்கு அதுவே கொஞ்சம் தெம்பாக இருந்தது. மூடி போட்டால் வெளிச்சம் நேரே படிமேல் விழும், இன்னும் நன்றாகவே தெரியும் என்றார்.

"தெரியும்னு யாரு சொல்றது?"

மெஷின் கடகடவென்று கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"சரி, போடு. போட்டுட்டு உள்ள வந்து வெளிச்சத்துல உக்காரு. அப்புறம் இறங்கிப் பாத்துச் சொல்லு."

போட்டார். இறங்கி உள்ளே வந்தார். அக்கா அவரை டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்காரவைத்தார். மடியில் வெள்ளைச் சட்டைகளாக ஒரு குவியலைப் போட்டு, நூல் பிசிறுகளை வெட்டச் சொல்லிக் கத்தரிக்கோலைக் கொடுத்தார். வெள்ளைத் துணியும் வெள்ளை வெளிச்சமுமாகக் கண் கூசியது. மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மலைப்பக்கம் வானம் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் சன்னல் வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. குவியலில் பாதி முடித்து, இப்போது போய்ப் படியில் இறங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

அவர் அடுத்த சட்டையை எடுத்தார்.